பழைய ஜேசிபி வாங்கியவர்களுக்கு: பராமரிப்பும் ஸ்பேர் தேடலும்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பேக்ஹோ லோடரை (முன்னால் மண் அள்ளும் பக்கெட்டும் பின்னால் குழி தோண்டும் கையும் உள்ள வண்டி) செகண்ட் ஹேண்டில் வாங்கி, வாடகைக்கு விடவோ சொந்தத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளவோ இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜேசிபி 3டி, 3டிஎக்ஸ் வகையை எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் கைமாறும் பழைய வண்டிகளில் அதுதான் அதிகம். கேஸ், டெரெக்ஸ், மகிந்திரா, கோயம்புத்தூர் புல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். எண்ணும் அளவும் மட்டும் மாறும்.

இந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைப்பது ஏன் சுலபம் என்றால், 1979-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து இந்தியாவுக்கு வந்த ஜேசிபி, அன்றிலிருந்து ஹரியானாவின் பல்லப்கட்டில் வண்டி செய்து தள்ளிக்கொண்டிருக்கிறது. 2003-இல் கம்பெனி முழுக்க ஜேசிபி கைக்கே வந்துவிட்டது. வண்டி பெருகியதும் அதற்கான பின் (மூட்டுகளைக் கோக்கும் உருளைக் கம்பி), புஷ் (அந்தப் பின் உட்காரும் உலோகக் குழல்), சீல் (ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம்) எல்லாம் செய்யும் சிறு தொழிற்சாலைகளும் வடக்கே பெருகின. கடையில் சாமான் இருக்கிறது. உங்கள் வண்டிக்குச் சரியான சாமான் எது என்று தெரிந்து கேட்பதில்தான் சிரமம். பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏதோ ஒன்று வரும், எண்ணும் அளவும் சொன்னால் சரியானது வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் முதல் வந்த புது புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகளில் சென்சார், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் கூடிவிட்டன. அவற்றுக்கு லேப்டாப்போடு வரும் மெக்கானிக் வேண்டும். அதற்கு முந்தைய, மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள வண்டி என்றால், டெஸ்டர் லைட்டும் நல்ல ஸ்பேனர் செட்டும் உள்ள பட்டறையே பெரும்பாலான வேலைக்குப் போதும். பழைய வண்டி வாங்கியதற்கு யாராவது சிரித்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

முதலில் தகடுகளைப் படியுங்கள்

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது இது. ஆயில் மாற்றுவது அப்புறம்.

சேஸிஸில் ரிவெட் அடித்த தகடு ஒன்று இருக்கும். அதில் வண்டியின் சீரியல் எண் இருக்கும். இன்ஜின், கியர் பாக்ஸ், முன் பின் ஆக்சில் எண்களும் பல தகடுகளில் உண்டு. டீசல் ஊற்றிய துணியால் துடைத்து, நிழல் விழாமல் போட்டோ எடுங்கள். பிறகு இன்ஜின் பிளாக்கிலும் கியர் பாக்ஸிலும் ஆக்சிலிலும் அடித்திருக்கும் எண்களைத் தனித்தனியாகப் போட்டோ எடுத்து, தகட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டியில் இவை ஒத்துப்போகாமல் இருப்பது அதிசயம் இல்லை. நடுவில் யாராவது கியர் பாக்ஸை மாற்றியிருப்பார்கள். அப்படி என்றால் கியர் பாக்ஸ் சாமான் வாங்கும்போது வண்டி எண் உதவாது, கியர் பாக்ஸ் எண்தான் உதவும். இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடும் ஒரு முறை சரிபாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அது மெக்கானிக் விஷயம் இல்லை, விற்றவரைக் கேட்க வேண்டிய விஷயம்.

இன்ஜினில் முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. பழைய 3டி, 3டிஎக்ஸ் வண்டிகளில் கிர்லோஸ்கர் இன்ஜின் வரும். பிந்தையவற்றில் ஜேசிபி தானே செய்யும் 4.4 லிட்டர் இன்ஜின். இரண்டும் நான்கு சிலிண்டர்தான், ஆனால் ஃபில்டர், கேஸ்கெட், வாட்டர் பம்ப் எதுவும் ஒன்றுக்கொன்று சேராது. ‘3டிஎக்ஸுக்கு ஆயில் ஃபில்டர் கொடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் ‘எந்த இன்ஜின்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் அந்தக் கடையில் கொஞ்சம் ஜாக்கிரதை.

அடுத்து புத்தகங்கள். மூன்று வகை உண்டு: ஆபரேட்டர் கையேடு, சர்வீஸ் கையேடு, பார்ட்ஸ் கேட்டலாக். எந்த ஆயில், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பது முதலாவதில் இருக்கும். எப்படிக் கழற்றுவது, போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குவது என்பது இரண்டாவதில். ஒவ்வொரு சாமானும் எங்கே உட்கார்கிறது, அதன் எண் என்ன என்பதைப் படத்தோடு காட்டுவது மூன்றாவது. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் பார்ட்ஸ் கேட்டலாக்கை வாங்குங்கள் என்பேன். கழற்றிப் பூட்ட மெக்கானிக் இருக்கிறார். எண் சொல்ல ஆள் இல்லை.

ஜேசிபி எண்கள் நடுவில் சாய்கோட்டோடு வரும். முன்பகுதியைப் பார்த்தே அனுபவப்பட்டவர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள்: 811/ என்று தொடங்குவது பெரும்பாலும் பின், 808/ என்றால் புஷ், 991/ என்றால் சிலிண்டர் சீல் கிட், 320/ என்றால் ஜேசிபியின் சொந்த இன்ஜின் சாமான். கடைசியில் எழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். பழைய எண் நிறுத்தப்பட்டு அதற்குப் பதில் புது எண் வந்திருக்கும் சாமான்களும் உண்டு. ‘இந்த நம்பர் இப்போ வர்றதில்லை’ என்று கடையில் சொன்னால் அங்கேயே திரும்பிவிடாமல், மாற்று எண் என்ன என்று கேளுங்கள்.

கழுவி, ஓட்டி, பார்ப்பது

வண்டி முழுக்க மண்ணும் கிரீஸும் அப்பியிருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று கடவுளுக்கே தெரியாது. வாட்டர் சர்வீஸ் செய்யுங்கள். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஃப்யூஸ் பாக்ஸ், கியர் பாக்ஸ் டிப் ஸ்டிக் வாய் ஆகியவற்றின் மேல் பிரஷர் தண்ணீர் நேராக அடிக்கக் கூடாது. காய்ந்ததும் ஒரு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, நிறுத்திச் சுற்றி வாருங்கள். புது ஈரம் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித் துளை விழுந்திருந்தால் ஆயில் கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பீய்ச்சும். கையால் தடவிப் பார்க்கவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லை என்று விடாமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். துளை தேட ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

இன்ஜினைப் பார்ப்பது சுருக்கமான வேலை. சூடானபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசான ஆவி பரவாயில்லை. இன்ஜின் மூச்சு விடுகிற வேகத்தில் குபுகுபுவென்று புகை வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அப்புறம் டீசலைப் பீய்ச்சும் நாசில். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடானபிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

ஹைட்ராலிக்கில்தான் புதியவர்கள் அதிகம் பணம் விடுகிறார்கள். ‘பவர் இல்லை, பம்ப் போச்சு’ என்று யாரோ சொல்ல, விலையுயர்ந்த பம்ப் மாற்றப்படும். வண்டி பழையபடியே இருக்கும். பம்ப் மேல் பழி போடுமுன் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

எல்லா வேலையுமே மந்தம், அதாவது முன் பக்கெட்டும் தூக்கவில்லை, பின்பக்கத் தோண்டும் கையான பூமும் இழுக்கவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஆயில் அளவு, டேங்கில் இருக்கும் சக்ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்ப் உறிஞ்சும் வாயில் உள்ள சல்லடை), ஃபில்டர், மெயின் ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறாமல் காக்கும் வால்வு), கடைசியில் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். விலை குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகும் வரிசை இது. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் ரிலீஃப் வால்வை முறுக்கி ஏற்றிவிடும் மெக்கானிக்கை அனுமதிக்காதீர்கள். அன்று பவர் வரும், அடுத்த வாரம் ஹோஸ் வெடிக்கும்.

ஒரே ஒரு வேலை மட்டும் மந்தம் என்றால் அந்த சிலிண்டர், அதற்குரிய வால்வு, அதன் ஹோஸ் ஆகியவைதான் சந்தேகத்துக்குரியவை. பிஸ்டன் சீல் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சிலிண்டரை முழுக்க நீட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, லீவரை முன்னும் பின்னும் அசைத்து பிரஷரை இறக்கிவிட்டு, ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி அதன் வாயை பிளக் போட்டு அடைக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து மேலும் நீட்டுகிற திசையில் லீவரைப் பிடித்தால், சிலிண்டரில் திறந்திருக்கும் வாயிலிருந்து ஆயில் விடாமல் வந்தால் பிஸ்டன் சீல் காலி. வரவில்லை என்றால் வால்வு பக்கம் தேடுங்கள். முதல் தடவை அனுபவமுள்ள மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். தூக்கி நிற்கும் லோடர் ஆர்மில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஹைட்ராலிக் ஆயில் நுரைத்தால் சக்ஷன் பைப்பில் காற்று இழுக்கிறது. மோர் போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிரேக் ஆயில்: தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம்

ஜேசிபியின் பிரேக் ஆக்சிலுக்குள் ஆயிலில் மூழ்கிய டிஸ்க் வகை. அதன் ரிசர்வாயரில் ஊற்ற வேண்டியது மினரல் வகை லைட் ஹைட்ராலிக் ஃப்ளூயிட். காருக்கும் லாரிக்கும் ஊற்றும் சாதாரண பிரேக் ஆயில் இதில் போகவே கூடாது. ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும், மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி ஆக்சில் உள்ளே இருக்கும் சீல் வரைக்கும் செலவு இழுக்கும். சைட்டில் பிரேக் ஆயில் குறைகிறது என்று ஆபரேட்டர் பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. சரியான ஆயிலை ஒரு லிட்டர் கேபினிலேயே வைத்துவிட்டு, ரிசர்வாயர் மூடியில் பெயின்ட்டால் எழுதியும் வையுங்கள்.

அதே போல ஆக்சில் ஆயிலும் ஏதோ ஒரு கியர் ஆயில் இல்லை. பிரேக் டிஸ்க் அதில்தான் மூழ்கியிருக்கிறது. ஆயில்-மூழ்கு பிரேக்குக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தப்பான ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது முனகும்.

கிரீஸ்

பழைய பேக்ஹோவின் ஆயுள் கிரீஸ் கன்னில் இருக்கிறது. வாடகைக்கு ஓடும் வண்டியில் முதலில் விட்டுப்போவதும் அதுதான், ஏனென்றால் கிரீஸ் அடிக்கும் நேரத்துக்கு யாரும் வாடகை தருவதில்லை.

பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அதாவது நடைமுறையில் தினமும் காலையில், எல்லா நிப்பிளுக்கும் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) அடிக்க வேண்டும். லோடர் ஆர்ம், முன் பக்கெட் இணைப்புகள், பூம், பூமுக்கும் பின் பக்கெட்டுக்கும் நடுவில் உள்ள டிப்பர் ஆர்ம், பின் பக்கெட் லிங்க், பூமை இடம் வலம் திருப்பும் கிங் போஸ்ட், ஸ்லூ சிலிண்டர் பின்கள், இரு பக்கக் கால்கள். மறக்கப்படுபவை முன் ஆக்சில் நடுவில் உள்ள பிவட் பின்னும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸும். இரண்டும் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு கன்னை வையுங்கள். இல்லாவிட்டால் மண்ணையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறீர்கள். பழைய கறுத்த கிரீஸ் வெளியே வந்து, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஏறவில்லை என்றால் ‘டைட்டா இருக்கு’ என்று விட்டுவிடக் கூடாது. நிப்பிளைக் கழற்றுங்கள். பெரும்பாலும் நிப்பிள்தான் அடைத்திருக்கும், புதுசுக்குக் காசு ஒன்றும் பெரிதில்லை. அதையும் மாற்றி ஏறவில்லை என்றால் பின்னுக்குள் இருக்கும் துளை இறுகிப்போயிருக்கிறது. பின்னைக் கழற்றிக் குடைந்து சுத்தம் செய்ய வேண்டும். பூமை லேசாக அசைத்து, சுமை எந்தப் பக்கம் விழுகிறதோ அதை மாற்றிக் கொடுத்தாலும் சில நேரம் கிரீஸ் வழி பிடித்துக்கொள்ளும்.

லித்தியம் அடிப்படையிலான இபி 2 வகை கிரீஸ் போதும். பின்களுக்கு மாலிப்டினம் கலந்தது இன்னும் நல்லது.

காற்று, தண்ணீர், டீசல்

ஏர் ஃபில்டரில் இரண்டு எலிமென்ட். வெளியில் இருப்பதைச் சுத்தம் செய்யலாம், உள்ளே இருப்பதைத் தொடாமல், மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றத்தான் வேண்டும். வெளி எலிமென்ட்டை டயரில் அடித்துத் தட்டுவது எல்லா சைட்டிலும் காணும் காட்சி. தாள் கிழிந்தால் கிரஷர் தூசு நேராக லைனருக்குப் போகும். குறைந்த பிரஷரில், உள்ளிருந்து வெளியாகக் காற்றடியுங்கள். பிறகு உள்ளே ஒரு டார்ச் விட்டுப் பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் தூக்கி எறியுங்கள்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரோடு, நாமக்கல், தருமபுரி பக்கத்து உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். வெளியே ரேடியேட்டர் இடுக்குகளில் வைக்கோலும் தூசும் அடைத்திருக்கும். ஃபேன் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி காற்றடிக்க வேண்டும். வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவது தீர்வு இல்லை.

டீசலைக் கேனில் கொண்டுவந்து ஊற்றுவதால் தண்ணீரும் தூசும் கூடவே வரும். வடிகட்டி ஊற்றுங்கள், வாட்டர் செப்பரேட்டரைக் காலையில் திறந்து கொஞ்சம் வடித்துவிடுங்கள். வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பிவிட்டால் இரவில் உள்ளே வியர்ப்பது குறையும்.

மணிக் கணக்கு

ஹவர் மீட்டர் ஓடவில்லை என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். அதில்லாமல் பராமரிப்பு என்பது ஜோசியம்.

பழைய வண்டிக்கு நடைமுறையில் பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு: இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 250 மணிக்கு. கியர் பாக்ஸ் ஃபில்டர் 500-க்கு, கியர் பாக்ஸ், ஆக்சில் ஆயில் 1000-க்கு. ஹைட்ராலிக் ஆயில் 2000-க்கு, அதன் ஃபில்டர் அதற்கு முன்பே. கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் கையேடுதான் சரி. ஹைட்ராலிக் ஆயில் நம் வெயிலுக்குப் பொதுவாக 46 கிரேடு. முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று தெரியாவிட்டால் எல்லா ஆயிலையும் ஒரே மூச்சில் மாற்றி, அன்றைய மணியை கேபின் கண்ணாடியில் எழுதி ஒட்டுங்கள். செலவுதான். ஆனால் அதன்பின் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இறக்கிய இன்ஜின் ஆயில் ஃபில்டரை அறுத்து, தாளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுக்கும் துகள் கொஞ்சமாக இருந்தால் சகஜம். செதில் செதிலாக வந்தால் பேரிங் பேசத் தொடங்கிவிட்டது.

பின், புஷ்: எப்போது, எப்படி

பின் பக்கெட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தி, ஒருவர் லீவரை மெல்ல அசைக்க, இன்னொருவர் தள்ளி நின்று ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். சிலிண்டர் அசைந்தபின் தாமதித்து ஆர்ம் அசைந்தால் அந்த மூட்டில் ஆட்டம். எல்லா மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கிங் போஸ்ட் மேல், கீழ் பின்களை முதலில் கவனியுங்கள். அங்கே ஆட்டம் விட்டுவைத்தால் காஸ்டிங்கே தேய்ந்து, பிறகு பின்னும் புஷ்ஷும் மாற்றுவது போதாமல் லைன் போரிங் செய்ய வேண்டிவரும். புஷ் தேய்வதற்கும் புஷ் உட்காரும் வீடு தேய்வதற்கும் செலவில் ரொம்ப தூரம்.

லைன் போரிங் மிஷினை சைட்டுக்கே கொண்டுவந்து செய்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி அளவுக்குக் குடைவார்கள். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் சாரம். கிரைண்டர் வைத்துக் கையால் சரி செய்துவிடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

உள்ளூர் லேத்தில் பின் செய்வது தப்பில்லை, எந்த இரும்பில் செய்கிறார் என்பதுதான் கேள்வி. எம்.எஸ். (சாதாரண மென் இரும்பு) ராடில் கடைந்து கொடுத்தால் பார்க்க அப்படியே இருக்கும், சில வாரங்களில் வரி விழும். இஎன் 19 அல்லது இஎன் 24 கேளுங்கள், ஹார்டனிங் செய்து கிரைண்டிங் முடித்ததாக இருக்கட்டும். கிரீஸ் போகும் துளையும் பள்ளமும் பழையதில் இருந்த இடத்திலேயே வர வேண்டும். புது புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து ஏற்றினால் வாய் மடங்கும். ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வீட்டுப் பக்கத்தை லேசாகச் சூடாக்கினால் பாதி வேலை முடிந்தது. பக்கவாட்டு இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) போடுவதை மறக்க வேண்டாம்.

ஹோஸும் சீலும்

ஹோஸ் மேலேயே உள்விட்டமும் வகையும் அச்சடித்திருக்கும்: ஆர்1 என்றால் ஒரு கம்பிப் பின்னல், ஆர்2 என்றால் இரண்டு, அதற்கு மேல் நான்கு சுருள் கம்பி வைத்தவை. பழையதைவிடக் குறைந்த வகையை ஒருபோதும் போடாதீர்கள். இங்கிலாந்துக் கம்பெனி என்பதால் பழைய ஜேசிபியின் ஃபிட்டிங் மரைகள் பெரும்பாலும் பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் அளவு. கடைக்குப் பழைய ஹோஸை முழுசாக, இரண்டு முனையோடும் எடுத்துப் போங்கள். முனைகள் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன என்பதும் அளவுதான்.

ஹோஸ் கிரிம்பிங் கடை இப்போது சின்ன ஊரிலும் உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். போர்வெல் ரிக் தொழிலுக்காக அங்கே ஹைட்ராலிக் வேலை தெரிந்த பட்டறைகள் நிறைய. ஹோஸை வெட்டியபின் உள்ளே காற்றடித்து ரப்பர் தூளை வெளியேற்றச் சொல்லுங்கள். கழற்றிய இடத்தின் வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்து வையுங்கள். பழைய துணியைத் திணிப்பதால் நூல் உள்ளே போகும்.

சீல் கிட் வாங்கும்போது எந்த சிலிண்டர் என்று மட்டும் சொன்னால் போதாது. ராடு விட்டம், சிலிண்டர் உள்விட்டம் இரண்டையும் வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கிறது. சீல் மாற்றுமுன் ராடை நகத்தால் தடவுங்கள். குரோம் உரிந்து நகம் மாட்டினால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது. ஹார்டு குரோம் போட்டுக் கொடுக்கும் இடங்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் உள்ளன. முதலில் அது, பிறகு சீல்.

ஸ்பேர் எங்கே, எதை எப்படி

எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே போடு என்று சொல்வதும், எல்லாவற்றுக்கும் லோக்கல் போதும் என்பதும் இரண்டுமே பணம் தெரியாத பேச்சு. நான் பிரிப்பது இப்படி: உடைந்தால் பக்கத்துச் சாமானையும் சேர்த்துக் கெடுக்கக் கூடியது எதுவோ அது ஒரிஜினல். இன்ஜின் உள்சாமான், ஃபில்டர்கள், ஹைட்ராலிக் பம்ப், கியர் பாக்ஸ் கிளட்ச் பிளேட், பிரேக் சீல்கள் இதில் அடங்கும். தேய்வதற்கென்றே இருப்பவை, அதாவது பக்கெட் பல், சைடு கட்டர், கட்டிங் எட்ஜ், மற்றும் கண்ணாடி, லைட், சீட், மிர்ரர் எல்லாம் வெளிச்சந்தையில் வாங்கலாம். பின், புஷ் நல்ல தயாரிப்பாளருடையது என்றால் வெளியில் தாராளமாக வாங்கலாம்.

பேரிங்கும் ஆயில் சீலும் மூன்றாவது வகை. பேரிங் மேலேயே அதன் எண் பொறித்திருக்கும். அதே எண்ணில் டிம்கன், எஸ்கேஎஃப் போன்ற நல்ல கம்பெனியுடையதை பேரிங் கடையிலேயே வாங்கலாம். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவு. சென்னை என்றால் பாரிமுனைப் பகுதி, கோயம்புத்தூர், சேலம் என்றால் டவுனுக்குள்ளேயே இதற்கான கடைகள் இருக்கின்றன.

டீலரிடம் வாங்கும்போது வண்டி எண்ணைக் கொடுத்து அவர்கள் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். வாங்காவிட்டாலும் எண்ணும் விலையும் தெரிந்துவிடும், மற்ற கடைகளில் பேரம் பேச அதுவே அடிப்படை.

வெளிச்சந்தையின் தாய்வீடு தில்லி. காஷ்மீரி கேட், மோரி கேட் பகுதியில் மண்வெட்டும் இயந்திரச் சாமானுக்கென்றே வரிசையாகக் கடைகள். ராஜ்கோட்டிலும் இந்தச் சாமான்கள் தயாராகின்றன. நம்மூர்க் கடைக்காரர்களில் பலர் அங்கிருந்துதான் இறக்குகிறார்கள். நேரடியாக வரவழைப்பதானால் பழைய சாமானை ஸ்கேலோடு சேர்த்து நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, எண்ணும் அளவும் எழுதி வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அவர்களும் அனுப்பப்போகும் சாமானை அதே போல அளவு வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, பார்சல் செலவு யாருடையது என்பதைப் பணம் போடுவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். முதல் ஆர்டர் சின்னதாக இருக்கட்டும்.

கியர் பாக்ஸ் கேசிங், ஆக்சில் ஹவுசிங், கிங் போஸ்ட் போன்ற பெரிய காஸ்டிங் சாமான் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. உடைத்துப் போடும் வண்டிகளிலிருந்து எடுத்த பழையதுதான் வழி. சென்னை புதுப்பேட்டை, கோயம்புத்தூர் உக்கடம் போன்ற பழைய இரும்புச் சந்தைகளில் விசாரிக்கலாம், உங்கள் பகுதி மெக்கானிக்குக்கு எந்த ஊரில் எந்த வண்டி கிடையில் கிடக்கிறது என்று தெரிந்திருக்கும், அவரைக் கேட்பது இன்னும் நல்லது. எண் பொறித்த இன்ஜின் பிளாக், சேஸிஸ் போன்றவற்றை பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் சாமான் என்றால் ஸ்டேஷனுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். காஸ்டிங் வாங்கும்போது பெயின்ட் அடித்து மினுமினுப்பாக வைத்திருப்பதைவிடத் துருவோடு இருப்பதே மேல். விரிசல் கண்ணுக்குத் தெரியும்.

போலி ஃபில்டருக்கு ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டியின் அச்சு, ஹோலோகிராம் எல்லாம் இப்போது நன்றாகவே காப்பி அடிக்கிறார்கள். பழைய ஒரிஜினல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், எடையையும் உள்ளே தாள் மடிப்புகளின் நெருக்கத்தையும் ஒப்பிடுங்கள். விலை டீலர் விலையில் பாதி என்றால் ஒப்பிடவே வேண்டாம்.

அடியில் போகும்முன்

முன் லோடர் ஆர்மைத் தூக்கிவைத்து அடியில் வேலை செய்வதானால், சிலிண்டர் ராடில் மாட்டும் சேஃப்டி ஸ்ட்ரட் கட்டாயம். பழைய வண்டிகளில் அது காணாமல் போயிருக்கும். தேடி வாங்குங்கள், லேத்தில் ஏதோ ஒரு குழாயை வெட்டி வைக்காதீர்கள். முன் பக்கெட்டையும் பின் கால்களையும் ஊன்றி வண்டியையே தூக்க முடியும் என்பது வசதிதான், ஆனால் கட்டை அடுக்கித் தாங்கல் கொடுக்காமல் யாரும் கீழே போகக் கூடாது. ஹோஸ் ஒன்று விட்டால் ஏழரை டன் இறங்கும்.

மழைக்காலத்தில் நிறுத்தி வைப்பதானால்

ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாமல் வண்டி நிற்கும். அப்போது முடிந்தவரை எல்லா சிலிண்டரையும் உள்ளிழுத்து, பக்கெட்டுகளைத் தரையில் ஊன்றி நிறுத்துங்கள். வெளியே நீட்டி நிற்கும் ராடுகளில் கிரீஸ் தடவிவிடுங்கள், மறுபடி ஓட்டும்முன் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய மண் சீலைக் கிழிக்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஆயில் சூடாகும்வரை எல்லா லீவரையும் இயக்குங்கள். பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். சைலன்சர் வாயை ஒரு டப்பாவால் மூடுங்கள், ஸ்டார்ட் செய்யும்போது எடுக்க மறக்காதீர்கள். கேபின் தரை மேட்டுக்குக் கீழே எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வேலைக்கு அனுப்பலாம்.